மிச்சங்கள் உட்கார்ந்திருந்த லைன் வீடு

கை அது பாட்டுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தது. குவித்துப் போட்ட பனியனில் ஒன்றை எடுத்து, கழுத்தோரம் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை நறுக்கி, தோள்பட்டையோரம் நறுக்கி, அடிமடிப்பில் நறுக்கி, ஒரு உதறு உதறி வலது பக்கம் போட்டுவிட்டு, இடது பக்கம் அடுத்ததை எடுக்கும்போது நதியாவின் கண் பனியனில் இல்லை, தொட்டிலில் இல்லை, தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தன்னுடைய மிச்சத்தின் மேலும் இல்லை. எங்கேயும் இல்லாமல் சும்மா திறந்திருந்தது.

மிச்சம் என்று பேர் வைத்தது பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்காதான். முதல் மிச்சமும் அவளுடையதுதான்.

திருப்பூரில் சாயப்பட்டறைக்குப் பின்னால், எதிரும் புதிருமாக இருக்கிற அந்த லைன் வீடுகளில், ஒரு நாள் காலையில் சாந்தாமணி பல் விளக்க எழுந்து வந்தபோது, துவைக்கிற கல்லின் மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மாவு மாதிரி மெத்தென்று, வெதுவெதுவென்று, மூக்கும் கண்ணும் வாயும் சாந்தாமணிக்கு இருக்கிற மாதிரியே ஆனால் ஓரமெல்லாம் கரைந்த மாதிரி. தோளில் சாந்தாமணிக்கு இருக்கிற அதே அம்மைத் தழும்பு. சாந்தாமணி பிரஷை வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள். துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பழைய நைட்டியைக் கொண்டுவந்து அதற்கு மாட்டிவிட்டு, "இது நம்முளுதுதான். ஒடம்புல எறங்குனது எங்கியோ போயிருச்சுன்னு நெனச்சேன், இங்கதான் குந்திக்கிட்டிருக்குது" என்றாள். எதிர்வீட்டுக்காரி, "நல்லவேளை அக்கா, ரோட்டுல கீட்டுல குந்தியிருந்தா லாரிக்காரன் ஏத்தியிருப்பான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு நல்ல தண்ணி வருகிற நாள், ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

எடை இறங்கினது லாவண்யா மேடத்தால். அந்த மேடம் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, முனை வீட்டு மாடி ரூமை வாடகைக்குப் பிடித்து, ஒரு பெண்ணின் குண்டுப் படத்தையும் ஒல்லிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, காலையில் பாட்டுப் போட்டுக் கைதட்டச் சொல்லி, கம்பெனிக்குப் போகிற பொம்பளைகளுக்கெல்லாம் ஒரு டம்ளர் பவுடர் கரைத்துக் கொடுத்தாள். காலைக்கும் அந்த டம்ளர், ராத்திரிக்கும் அந்த டம்ளர், நடுவில் பசித்தால் ஒரு வெள்ளரிக்காய். சோறு கூடாது, பருப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பழம் கூடக் கூடாது. "சோறுதான் உங்களுக்கு எதிரி, புரிஞ்சுதா?" என்று கேட்பாள். காலையிலிருந்து இருட்டும்வரை மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறதும், டீயோடு ரெண்டு பன்னைக் கடித்துக்கொண்டே ஓவர்டைம் பார்க்கிறதும், ஒரு நாளும் கை வீசி நடக்காததும் யாருக்கும் எதிரியாகத் தெரியவில்லை, சோறு ஒன்றுதான் எதிரியாகத் தெரிந்தது.

நதியா போனது ஒரு கல்யாணத்துக்கு அப்புறம். மிதுனா பிறந்து மூஞ்சி பார்த்துச் சிரிக்கிற பருவம். புருஷன் குமரவேலின் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது ஜாக்கெட் தையல் விட்டுவிட்டது. குமரவேல் பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறவன், அந்த ஞாபகத்திலேயே, "எங்க கம்பெனியில இந்த சைஸுக்கு ஆர்டரே வர்றதில்லீங்க" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. நதியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இலையில் விழுந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள்.

மேடம் ரூமில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடம், "குழந்தை பெத்த உடம்பா?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்றாள் நதியா. பால் கொடுக்கிறாயா என்று மேடம் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று நதியாவும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, எல்லாரும் கைதட்டினபோது சத்தம் வராமல் கைதட்டினாள்.

அந்த லைனில் டயட் என்கிற சொல் யார் வாயிலும் நிற்கவில்லை, பத்தியம் என்றுதான் சொன்னார்கள். பத்தியம் அவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மஞ்சக்காமாலைக்குப் பத்தியம் இருந்திருக்கிறார்கள், பிள்ளை பெற்றுப் பத்தியம் இருந்திருக்கிறார்கள். பத்தியத்தை யார் போட்டார்களோ அவர்கள்தான் முறிக்க வேண்டும் என்பதும், முறிக்கிற அன்றைக்கு உப்பும் காரமும் சேர்ந்த சோற்றை முதல் வாய் அவர்கள் கையாலேயே ஊட்ட வேண்டும் என்பதும், அவசரப்பட்டுத் தானாக முறித்தால் மருந்து திரும்பிக்கொள்ளும், மடியில் பால் குடிக்கிற பிள்ளை இருந்தால் பிள்ளையைத் தாக்கும் என்பதும் அந்த லைனில் எல்லாருக்கும் தெரியும். ஆகையால் மேடம் போட்ட பத்தியத்தை மேடம் முறிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அந்தப் பத்தியத்துக்கு முறிக்கிற நாள் என்று ஒன்று கிடையாது என்பதை மேடமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அப்படியிருக்க, சாந்தாமணிக்கு அடுத்து எதிர்வீட்டுக்காரிக்கும், அவளுக்கு அடுத்து தையல்காரி பிரேமாவுக்கும், அப்புறம் நதியாவுக்கும் என்று வரிசையாக வீட்டுக்கு வீடு மிச்சம் வந்து உட்கார்ந்தது. நதியாவுடையது டிரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. மிச்சங்கள் பேசாது. திங்காது. உலையில் அரிசி கொதிக்கிற வாசனை வந்தால் மட்டும் எல்லா வீட்டு மிச்சமும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும், கஞ்சி வடித்து முடிகிறவரை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கார அம்மா ஒரு நாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங்கடி, ஆள் கணக்குப் பார்த்துத்தான தண்ணி உடறோம், இதுகளையும் ஆளுன்னு சேக்கறதா வேண்டாமா?" என்றாள்.

"குடிக்கறதுமில்லீங்க, குளிக்கறதுமில்லீங்க" என்றாள் சாந்தாமணி.

"கக்கூசு?"

"அதுக்கும் போறதில்லீங்க."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும். ஆனா வாசல்ல குந்த வைக்காதீங்க, வண்டி திருப்ப எடமில்ல."

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மிச்சங்களின் மேல் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதினார்கள். மாரியம்மன் நோம்பிக்கு அவற்றுக்கும் பூ கிள்ளி வைத்தார்கள். சாந்தாமணியின் புருஷன் சின்னராசு மிச்சத்தின் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தான். சாந்தாமணி, "என்னைய இத்தன வருசத்துல ஒரு நாளு இப்படிப் பக்கத்துல குந்த வச்சிருக்கியா?" என்று கேட்டதற்கு, "நீ பேசுவ, அது பேசாது" என்றான். லைனே சிரித்தது. சாந்தாமணி சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. கோபம் எங்கேயோ வைத்த சாவி மாதிரி கைக்கு அகப்படவில்லை என்று பின்னால் சொன்னாள்.

அப்படி அகப்படாமல் போனது எல்லாருக்கும் இருந்தது. உடம்பு இறங்கினது, கூடவே முடி கொட்டினது, படியேறினால் கண் இருட்டினது, சித்திரை வெயிலில் பாதம் சில்லிட்டது, மாதத் தீட்டு தள்ளிப்போனது, இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டிவியில் பிள்ளை செத்துப்போகிற கட்டம் வந்தால் பொம்பளைகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மிச்சங்களின் கண்ணிலிருந்துதான் தண்ணி ஓடும். யாராவது எழுந்து துணி எடுத்துத் துடைத்துவிடுவார்கள். சாந்தாமணி மெஷினில் மயங்கி விழுந்து ஊசி விரலுக்குள் இறங்கினபோதுகூட அவள் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், லைன் வீட்டில் அவளுடைய மிச்சம்தான் கையை உதறி உதறி ஊதிக்கொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமரவேல் மத்தியானம் படுக்க இடம் தேடி, நதியாவின் மிச்சத்தின் மடியில் தலையை வைத்தான். "அன்னிக்கிப் பந்தியில சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேன் புள்ள. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாக் கூடப் பரவால்ல, சிரிச்சுட்ட பாரு, அது ஒரு மாதிரி ஆயிப்போச்சு" என்றான். மிச்சம் அவன் நெற்றியைத் தடவியது. நதியா நாலு எட்டு தள்ளி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தனையும் காதில் விழுந்தது. விழுந்தது அங்கேயே கிடந்தது. அவள் அடுத்த பனியனை எடுத்தாள்.

பால் வற்றினதும் அப்படித்தான், சத்தமில்லாமல். முதலில் மிதுனா குடித்துவிட்டு அழுதாள். அப்புறம் குடிக்கும்போதே அழுதாள். நதியா மருந்துக்கடையில் டப்பாப் பால் வாங்கி ரெண்டு ஸ்பூனைத் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்தாள், மிதுனா கொஞ்சம் குடித்தாள், கொஞ்சம் கக்கினாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டாள். "தங்கமான புள்ள, சத்தமே இல்ல பாரு" என்று லைனில் சொன்னார்கள். நதியா அவளைத் தூக்கி மிச்சத்தின் மடியில் போட்டுவிடுவாள். பிள்ளை அங்கே வெதுவெதுப்பாகக் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், பிசிறு வெட்டுகிறவளுக்கு இடைஞ்சல் இல்லை.

மேடம் ஊரை விட்டுப் போய் அதற்குள் ஒரு அமாவாசை கழிந்துவிட்டது. வேறொரு ஊரில் ரூம் பிடித்துவிட்டாள் என்றார்கள். போன் போட்டால் எடுக்கவில்லை. பவுடர் தீர்ந்துபோயிற்று. பத்தியம் தீரவில்லை. பொம்பளைகள் வெள்ளரிக்காயையும் வெந்நீரையும் வைத்துக்கொண்டு, முறித்துவிட ஆள் வராதா என்று உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி நதியா பிசிறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் பிள்ளைகளை எடை போட வருகிற நர்சம்மா தராசுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லைனுக்கு வந்தாள். வாசலிலேயே கொக்கியை மாட்டி, மிதுனாவைத் தூளியில் போட்டுத் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தாள். தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் போட்டாள்.

"ஏம்மா, போன தடவைக்கு ஏறியிருக்கணும். எறங்கியிருக்குது. பால் குடுக்கறியா இல்லியா?"

நதியா தரையைப் பார்த்தாள். "வர மாட்டேங்குதுங்க."

"நீ என்ன திங்கற?"

"பத்தியமுங்க" என்று சாந்தாமணிதான் பதில் சொன்னாள். "பவுடரு குடிச்சா. இப்ப அதுவுமில்ல. வெள்ளரிக்கா."

நர்சம்மாவுக்கு வந்த கோபத்தில் தராசு ஆடியது. "பால் குடுக்கற பொம்பளைக்கு இது பத்தியமா? பட்டினி. ஒரு சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை, முடிஞ்சா ஒரு முட்டை, நடுவுல ஒரு பழம். வயிறு நெறையத் தின்னு. எடை கொறைக்கணும்னா புள்ள கொஞ்சம் வளரட்டும், டீயும் பன்னும் விடு, சாயங்காலம் நாலு தெரு நட, மெல்லக் கொறையட்டும், யாரு வேண்டாங்கறா. ஒரு வாரம் கழிச்சு வருவேன். முள்ளு ஏறலீன்னா புள்ளயத் தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன், உன்னையக் கேக்க மாட்டேன்."

"தானா முறிச்சா புள்ளயத் தாக்குமுங்க" என்றாள் நதியா. அவள் அந்த மாதத்தில் பேசின நீளமான பேச்சு அதுதான்.

"தாக்கறதுக்கு இன்னும் என்ன இருக்குது அங்க?" என்று சொல்லிவிட்டு நர்சம்மா அடுத்த லைனுக்குப் போய்விட்டாள்.

நதியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இறங்கியிருக்கிறது என்கிற பேச்சு மட்டும் காதில் கிடந்தது. இறங்கின எடை எங்கேயாவது உட்கார்ந்திருக்கும் என்பது அந்த லைனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பனியன் குவியலைக் கலைத்துப் பார்த்தாள். அடுப்புத் திட்டுக்குக் கீழே சிலிண்டரை நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் டிரம் பக்கத்தில் போய்த் தன்னுடைய மிச்சத்தின் முன்னால் மண்டி போட்டு, அது மடியில் மூடி வைத்திருந்த கையை விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளங்கைக்குள் ஒரு கொய்யாக்காய் அளவுக்கு, வெதுவெதுவென்று, மிதுனாவின் மூக்கும் மிதுனாவின் மோவாய்க் குழியுமாக ஒன்று சுருண்டு கிடந்தது. அது நதியாவைப் பார்த்தது. பார்த்து வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதது.

எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, "அட, குட்டி மிச்சம்! ஒரு சாக்ஸுல போட்டு வையி, குளுரப்போவுது" என்றாள்.

லைனில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டாள். சாந்தாமணி மட்டும் நின்று, "என்னடி பண்ணப்போற?" என்று கேட்டாள். நதியா குக்கரை எடுத்தாள். அரிசியும் துவரம்பருப்பும் களைந்து போட்டு, சின்ன வெங்காயம் உரித்து, பூண்டு தட்டி, வரமிளகாய் கிள்ளி, தக்காளி நறுக்கி, நல்லெண்ணெய் ஊற்றி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். விசில் வந்தபோது லைன் முழுக்க மிச்சங்கள் முகத்தைத் திருப்பின. தட்டில் போட்டு ஒரு வாய் உருட்டினாள். கை உதட்டுக்கு வந்து நின்றுவிட்டது. அந்தச் சின்னது பார்த்துக்கொண்டிருந்தது. கை இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

"போட்டவ இருந்தா முறிச்சுப்போடலாம்" என்றாள் சாந்தாமணி. "ஓடிப்போயிட்டாளே."

அப்போதுதான் நதியாவுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கை தானாகப் போகிற மாதிரி போனாள். தட்டை ஒரு கையிலும் மிதுனாவை இடுப்பிலும் வைத்துக்கொண்டு முனை வீட்டு மாடிப்படி ஏறினாள். படியில் ரெண்டு இடத்தில் கண் இருட்டி நின்றாள். பின்னால் சாந்தாமணி வந்தாள்.

மாடி ரூம் பூட்டிக் கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கம்பி வழியே பார்த்தால், அந்தக் குண்டுப் படத்துக்கும் ஒல்லிப் படத்துக்கும் கீழே, தலையெல்லாம் தூசியாக, லைனில் இருக்கிற எல்லா மிச்சத்தையும்விடப் பெரிதாக, லாவண்யா மேடத்தின் மிச்சம் உட்கார்ந்திருந்தது. அதற்கு நைட்டி மாட்டிவிடக்கூட யாரும் இல்லை, ஒரு விளம்பரத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தது. சோற்று வாசனைக்கு அது ஏற்கெனவே முகத்தைத் திருப்பி வைத்திருந்தது.

"ஐயோ பாவமே" என்றாள் சாந்தாமணி. "இவளும் இருந்திருக்கறா பாரு பத்தியம். எத்தன வருசமோ."

நதியா தட்டை ஜன்னல் திட்டில் வைத்தாள். நாலு பேர் முன்னால் பேச வராதவள், ஒருவரும் இல்லாத ரூமைப் பார்த்துப் பேசினாள். "மேடம், நான் பால் குடுக்கறவளுங்க. நீங்க கேக்கல, நானும் சொல்லலீங்க. இப்பச் சொல்றேன். பத்தியத்த முறிச்சு உடுங்க."

மிச்சம் எழுந்தது. எழுந்து பழக்கமில்லாத மாதிரி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தது. கம்பிக்கு நடுவில் கையை விட்டுத் தட்டிலிருந்து சோற்றை அள்ளியது. அளவு தெரியவில்லை, தனக்கு இருந்த பசிக்கு அள்ளின மாதிரி இருந்தது. உருட்டி, நதியாவின் வாயில் வைத்து அழுத்தியது. கன்னம் ரெண்டும் உப்ப நதியா நின்றாள். முதலில் உப்பு தெரிந்தது. அப்புறம் பூண்டு. அப்புறம் எண்ணெய், பருப்பு, அரிசி என்று தனித்தனியாக, வெளியூர் போயிருந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் படியேறி வருகிற மாதிரி வந்து சேர்ந்தது. விழுங்கினாள். மிதுனாவைப் பார்த்தாள். மிதுனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் இருந்தபடி தட்டில் கையை வைத்து ஒரு பருக்கையைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நதியாவும் ஒரு வாய் உருட்டி, கம்பி வழியே மேடத்தின் மிச்சத்துக்கு ஊட்டினாள். அதற்கு யார் வந்து முறிக்கப்போகிறார்கள். அது தின்றது. திங்காது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரும் ஊட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"நகருடி" என்றாள் சாந்தாமணி. அவள் எப்போது கீழே போய்த் தட்டு எடுத்துவந்தாள் என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் பிரேமா நின்றாள், எதிர்வீட்டுக்காரி நின்றாள், படி முழுக்கத் தட்டுகள். "தள்ளாதீங்கடி, அவ ஒரே கையில எத்தன பேருக்கு உருட்டுவா" என்று யாரோ சொன்னார்கள்.

அன்றிலிருந்து நதியா தின்றாள். ருசித்துத் தின்றாள் என்று சொல்ல முடியாது, வேலை மாதிரி தின்றாள். காலையில் ராகிக்கூழ், மத்தியானம் சோறும் பருப்பும் கீரையும், சாயங்காலம் குமரவேல் பேப்பரில் சுற்றி வாங்கி வந்த வாழைப்பழம். பழத்தை அவன் மிச்சத்தின் மடியில் வைக்கப் போய், நின்று, திரும்பி, அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

மிச்சம் உடனே ஒன்றும் போய்விடவில்லை. அதைப் பக்கத்தில் வைத்து ஒரே தட்டில் தின்றால் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து வருகிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சின்னது கொய்யாக்காயிலிருந்து எலுமிச்சங்காய் ஆகியிருந்தது. மிதுனா மட்டும் இன்னும் அழ வாயைத் திறக்கவில்லை. மாரில் போட்டால் சும்மா வாயை வைத்துக்கொண்டு கிடந்தாள், கேட்டால்தானே கிடைக்கும் என்பதை மறந்துபோன மாதிரி. நர்சம்மா வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு மத்தியானமும் நதியா பனியனைக் குவித்துப் போட்டு, பக்கத்தில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு, கழுத்தோரம் ஒன்று, தோளோரம் ஒன்று, அடிமடிப்பில் ஒன்று என்று நறுக்கி உதறிப் போட்டுக்கொண்டு, நடுநடுவே ஒரு வாய் தின்றுகொண்டு இருந்தாள். திடீரென்று மாரில் சுருக்கென்று வலித்தது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் உடம்பில் ஏதோ ஒன்று வலிக்கிறதே என்று பிசிறு வெட்டுகிற கட்டரைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஜாக்கெட் நனைந்திருந்தது. நிமிர்ந்து டிரம் பக்கம் பார்த்தாள், மிச்சத்தின் உள்ளங்கையில் அந்த எலுமிச்சங்காயைக் காணோம், எங்கே போயிற்று என்று அவள் தரையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே தொட்டில் ஒரு அசைவு அசைந்தது, கயிறு கிறீச்சிட்டது, உள்ளேயிருந்து மிதுனா வீறிட்டு, லைன் வீடு மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, பசி பசி என்று அப்படியொரு அழுகை அழ, "ஏ நதியா, புள்ள கூப்புடறா, காது கேக்கலியாடி!" என்று சாந்தாமணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்த, நதியா எழுந்த வேகத்தில் தட்டு தள்ளிப்போக, பனியன் குவியல் சரிய, சோற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, கண்ணில் என்னவோ தண்ணி மறைக்க, அது யாருடைய தண்ணி என்றுகூடப் பார்க்காமல், தொட்டிலுக்குள் ரெண்டு கையையும் விட்டுப் பிள்ளையை அள்ளினாள்.